பெனால்டி ஷூட் அவுட் வெறும் அதிர்ஷ்டமா?

கேள்வி: கால்பந்து உலகக் கோப்பை, யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) மாதிரியான தொடர்களின் நாக் அவுட் ஆட்டங்களில் 120 நிமிடம் மாங்கு மாங்கென்று ஓடிவிட்டு, அப்போதும் சமனாக இருந்தால் கடைசியில் அணிக்கு 5 பெனால்டி அடித்து முடித்துக்கொள்கிறார்கள். இது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம்தானே? நன்றாக ஆடிய அணிக்கு இது அநியாயம் இல்லையா?

பதில்:

சீட்டுக் குலுக்கிப் போட்ட காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. 1968 யூரோ அரையிறுதி நேப்பிள்ஸ் நகரில் நடந்தது. இத்தாலியும் சோவியத் யூனியனும் 120 நிமிடம் ஆடியும் 0-0. ஷூட் அவுட் என்ற விதியே அப்போது கிடையாது. நடுவர் இரண்டு கேப்டன்களையும் அழைத்துக்கொண்டு போய் நாணயத்தைச் சுண்டினார். இத்தாலி கேப்டன் ஃபாக்கெத்தி சொன்ன பக்கம் விழுந்தது. இத்தாலி இறுதிக்குப் போய்க் கோப்பையையும் தூக்கியது. அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் காலிறுதியில் இஸ்ரேல் பல்கேரியாவோடு 1-1 என்று சமன் செய்து, குலுக்கலில் தோற்று ஊருக்குத் திரும்பியது. இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 1970இல் ஷூட் அவுட்டை விதிப் புத்தகத்தில் சேர்த்தார்கள். ஆகவே நீங்கள் ஒப்பிடும் அந்தக் குலுக்கலுக்கு மாற்றாக வந்ததுதான் இது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. உலகக் கோப்பை ஷூட் அவுட்களில் அடிக்கப்பட்டவற்றில் சுமார் 70 சதவீதம் கோலாகியிருக்கின்றன. ஒரு அணியை 70 சதவீத அணி என்றும், நன்றாகப் பயிற்சி எடுத்த இன்னொரு அணியை 75 சதவீத அணி என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், இவர்கள் 100 முறை மோதினால் பயிற்சி எடுத்தவர்கள் ஜெயிப்பது 58 முறையை ஒட்டித்தான். வெறும் 5 உதையில் திறமை முழுதாக வெளிப்பட நேரமே இல்லை. அதனால் ஒரே ஒரு ஷூட் அவுட்டை வைத்து ஒருவரை மேதை என்றோ உதவாக்கரை என்றோ சொல்ல முடியாது. அதிர்ஷ்டம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதற்காக மிச்சத்தையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டிவிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. யார் அடிப்பது, எந்த வரிசையில் அடிப்பது, கோலிக்கு, அதாவது கோல் காப்பாளருக்கு, என்ன தகவல் கொடுப்பது, யாரை எப்போது மாற்று ஆட்டக்காரராக இறக்குவது என்று எல்லாமே பயிற்சியாளர் கையில் இருக்கிற முடிவுகள். தோற்ற பிறகு "எல்லாம் தலைவிதி" என்று சொன்னால் அந்த முடிவுகளைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் மனநிலை. பந்து வைக்கும் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இந்த அளவில் ஒரு தொழில்முறை வீரர் பயிற்சி மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்பது அடிப்பார் என்று நமக்குத் தோன்றும். ஆட்டத்தில் அப்படி நடப்பதில்லை. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதையே பல வருடம் தோண்டியவர். அவருடைய குழு பெரிய தொடர்களின் ஷூட் அவுட்களை எடுத்துப் பார்த்ததில், "இதை அடித்தால் வெற்றி" என்ற நிலையில் அடிக்கப்பட்ட உதைகளில் 92 சதவீதம் கோல். "இதைத் தவறவிட்டால் தோல்வி" என்ற நிலையில் அது 60 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிடுகிறது. அதே புள்ளி, அதே தூரம், அதே தரத்து ஆட்கள். மனதில் ஓடுவது மட்டும்தான் வேறு.

இங்கிலாந்து இதற்கு நல்ல பாடம். 1990, 1996, 1998, 2004, 2006, 2012 என்று உலகக் கோப்பையிலும் யூரோவிலுமாக ஷூட் அவுட்டில் தோற்றுக்கொண்டே வந்தார்கள். நடுவர் விசில் ஊதியதும் யார் எவ்வளவு நேரம் எடுத்து அடிக்கிறார்கள் என்று யோர்டெட் அளந்தபோது, மற்ற பெரிய நாடுகளைவிட இங்கிலாந்து ஆட்கள்தான் அவசரக்காரர்கள் என்று தெரிந்தது. சனியன் சீக்கிரம் ஒழியட்டும் என்று ஓடி வந்து அடித்துவிடுவது. 1996இல் தவறவிட்ட கேரத் சவுத்கேட்டே பின்னாளில் பயிற்சியாளரானார். 2018 உலகக் கோப்பைக்கு முன்பு, களைத்துப்போன காலோடு அடிப்பது, நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வருவது என்று எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்க வைத்தார். அந்த நடை சாதாரணமானது இல்லை. நடுக்கோட்டிலிருந்து புள்ளிவரை 40 மீட்டருக்கு மேல், பக்கத்தில் ஆள் கிடையாது, எதிரில் கோலி கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். கொலம்பியாவை 4-3 என்று ஜெயித்தார்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஜெயித்த முதல் ஷூட் அவுட் அது.

அதே சவுத்கேட் 2021 யூரோ இறுதியில் சறுக்கினார். வெம்ப்ளியில் இத்தாலியோடு 1-1. கூடுதல் நேரம் முடியப் போகிற கடைசி நிமிடத்தில் ரஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் பெனால்டிக்காகவே உள்ளே இறக்கினார். இருவரும் ஒழுங்காக ஒருமுறை பந்தைத் தொட்டுக்கூடப் பழகியிருக்க மாட்டார்கள். ரஷ்ஃபோர்ட் கம்பத்தில் அடித்தார், சாஞ்சோவுடையதை இத்தாலி கோலி டொன்னரும்மா தடுத்தார். ஐந்தாவது உதை 19 வயது சாக்காவிடம் வந்தது, அதுவும் தடுக்கப்பட்டது. அதன் பிறகு அந்த மூன்று பேருக்கும் நேர்ந்த இனவெறி வசவுகள் தனிக்கதை, கேவலமான கதை. என் கேள்வி பயிற்சியாளரைப் பற்றியது. உடம்பு சூடாகாத ஆளை, "நீ வந்ததே இதற்குத்தான்" என்ற பாரத்தோடு அனுப்பலாமா? 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினும் இதையே செய்தது. மொராக்கோவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் சரபியா உள்ளே வந்தார். முதல் உதையையே கம்பத்தில் அடித்தார். இது விதியா, பயிற்சியாளரின் முடிவா என்று நீங்களே சொல்லுங்கள்.

இங்கிலாந்துக் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக பாமர், பெல்லிங்ஹாம், சாக்கா, டோனி, அலெக்சாண்டர்-ஆர்னால்ட் என்று ஐந்து பேரும் அடித்தார்கள். ஆம், அதே சாக்கா. கோலி பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் சுவிஸ் வீரர்களின் பெயரும் ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்ற குறிப்பும் ஒட்டியிருந்தன. அகாஞ்சிக்கு நேராக இடப்பக்கம் என்று இருந்தது. இடப்பக்கம் பாய்ந்தார், பிடித்தார்.

ஸ்பெயினைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி என்றால் வெறும் எண்ணிக்கை என்று நினைப்பவர்களுக்கு அது பதில். 2022 உலகக் கோப்பைக்கு வருவதற்கு முன்பே ஆளுக்கு ஆயிரம் பெனால்டியாவது அடித்துப் பழகிவிட்டு வரச் சொல்லியிருந்ததாக அப்போதைய பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே சொன்னார். வீட்டுப் பாடம் மாதிரி. மொராக்கோவோடு ஷூட் அவுட் வந்தது. சரபியா கம்பம், சோலெர், புஸ்கெட்ஸ் இருவருடையதையும் மொராக்கோ கோலி பூனு தடுத்தார். மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. 3-0. காலியான மைதானத்தில் அடிக்கிற ஆயிரத்திலும் இந்தப் பதற்றம் கிடையாது.

அந்த ஆட்டத்தை முடித்தவர் ஹக்கீமி. மாட்ரிட்டில் பிறந்தவர், மொராக்கோவுக்காக ஆடுபவர். ஸ்பெயினை வீட்டுக்கு அனுப்பும் உதையை கோலின் நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். இந்த வகை உதைக்கே பனேன்கா என்று பெயர். 1976 யூரோ இறுதியில், பெல்கிரேடில், செக்கோஸ்லோவாகியாவின் அந்தோனின் பனேன்கா மேற்கு ஜெர்மனியின் செப் மையரை இப்படித்தான் ஏமாற்றினார். பார்க்கத் திமிர் மாதிரி இருக்கும். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். அடிப்பவர்களில் 28.7 சதவீதம் பேர் நடுப்பகுதியில்தான் அடித்திருந்தார்கள். கோலிகளோ 6.3 சதவீதம் முறைதான் நடுவில் நின்றார்கள். ஏன்? பாய்ந்து கோல் விட்டால் "முயற்சி செய்தான் பாவம்" என்பார்கள், நின்றபடியே கோல் விட்டால் "மரம் மாதிரி நிற்கிறான்" என்பார்கள். திட்டு வாங்காமல் இருக்கத்தான் பாதிப் பாய்ச்சல். பனேன்கா சாப்பிடுவது அந்த பயத்தைத்தான். (தவறினால் அடித்தவர் முட்டாளாகத் தெரிவார் என்பதும் உண்மை. தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் 2024 காலிறுதியில் ஈக்வடாருக்கு எதிராக மெஸ்ஸியே முயன்று குறுக்குக் கம்பத்தில் அடித்தார். அர்ஜென்டினா கோலி எமிலியானோ மார்த்தினெஸ் இரண்டைத் தடுத்ததால் அவர் பிழைத்தார்.)

மார்த்தினெஸ் பெயர் வந்துவிட்டது. கோலியின் வேலை பந்து புறப்பட்ட பிறகு தொடங்குவதில்லை என்று காட்டியவர் அவர். 2022 உலகக் கோப்பை இறுதி, கத்தாரின் லுசைல் மைதானம். அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3. கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை இடது காலை நீட்டித் தடுத்தவரே இப்போது ஷூட் அவுட்டுக்கு நிற்கிறார். எம்பாப்பே அடித்தது கையில் பட்டும் உள்ளே போனது. அடுத்து கொமான். பந்து சரியாகப் புள்ளியில் இருக்கிறதா பாருங்கள் என்று நடுவரிடம் போய் நிற்கிறார் மார்த்தினெஸ். கொமான் காத்திருக்கிறார். அடித்தார், தடுக்கப்பட்டது. அடுத்து ஷுவாமெனி, 22 வயது. மார்த்தினெஸ் பந்தை எடுத்து ஓரமாக உருட்டிவிட்டார். அந்தப் பையன் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. யோசிக்க வேண்டிய நேரத்தில் பந்து பொறுக்க ஓடுகிறான். அடித்தது கம்பத்துக்கு வெளியே போனது. அர்ஜென்டினாவின் மோன்டியல் கடைசியாக அடித்து 4-2 என்று முடித்தார்.

இந்தச் சேட்டைகள் பலருக்குப் பிடிக்கவில்லை. 2023இல் விதியில் ஒரு திருத்தம் வந்தது. கோலி ஆட்டத்துக்கு மரியாதை இல்லாத வகையில் நடந்து, உதைப்பதைத் தாமதிப்பதோ அடிப்பவரின் கவனத்தைக் குலைப்பதோ கூடாது என்று எழுதினார்கள். எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். பெனால்டியில் எல்லாச் சாதகமும் அடிப்பவருக்கே இருக்கிறது. உதைக்கும் நொடியில் கோலியின் ஒரு காலாவது கோட்டின் மேலோ அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு. வாயையும் கட்டிவிட்டால் அவர் என்னதான் செய்வார்?

வாயில்லாமல் செய்தவர் ஜெர்மனி கோலி யென்ஸ் லேமன். 2006 உலகக் கோப்பை காலிறுதி, பெர்லின், ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும் 1-1. லேமனிடம் பென்சிலில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பு. ஒவ்வொரு உதைக்கும் முன்னால் காலுறையிலிருந்து எடுத்துப் பார்ப்பார், திரும்பச் செருகுவார். அயாலாவுடையதைத் தடுத்தார். கடைசியில் காம்பியாசோ வந்தார். சீட்டில் காம்பியாசோ பெயரே இல்லை. லேமன் அதையும் எடுத்து நிதானமாகப் பார்த்தார். காம்பியாசோவுக்கு அது தெரியாதல்லவா? தடுத்தார். 2022 வரை உலகக் கோப்பையில் ஆடிய நான்கு ஷூட் அவுட்களையும் ஜெர்மனி ஜெயித்திருக்கிறது. குரோஷியாவும் அதேபோல நாலுக்கு நாலு: 2018இல் டென்மார்க், ரஷ்யா, 2022இல் ஜப்பான், பிரேசில். நான்கு முறை என்பது நிரூபணம் ஆகாது என்று கணக்குப் படித்தவர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் குரோஷிய கோலிகள் சுபாசிச்சும் லிவாகோவிச்சும் டென்மார்க், ஜப்பான் ஆட்டங்களில் தலா மூன்று உதைகளைத் தடுத்ததை வெறும் நாணயம் செய்துவிடாது.

ஜப்பான் அந்த ஆட்டத்தில் தோற்ற விதமும் கவனிக்க வேண்டியது. யார் அடிப்பது என்பதைப் பயிற்சியாளர் மோரியாசு வீரர்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். கை தூக்குகிறவர் அடிக்கலாம். மினாமினோ, மிதோமா, யோஷிதா மூன்று பேர் உதையையும் லிவாகோவிச் தடுத்தார். ஆட்களுக்கு மரியாதை கொடுக்கிற முறைதான், ஆனால் அந்த நேரத்தில் தீர்மானிக்கிற சுமையையும் களைத்துப்போன வீரன் தலையிலேயே ஏற்றுகிறது.

வரிசை விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. சிறந்தவரை ஐந்தாவதாக வைப்பது சினிமாத்தனம். 2022 காலிறுதியில் பிரேசிலுக்கு ரோட்ரிகோ முதலில் அடித்துத் தவறினார், மார்கின்யோஸ் நான்காவதைக் கம்பத்தில் அடித்தார், ஆட்டம் முடிந்தது. ஐந்தாவதுக்குக் காத்திருந்த நெய்மார் நடுக்கோட்டிலேயே நின்றார். 2012 யூரோ அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக ரொனால்டோவுக்கும் இதுவே நடந்தது. 2024 யூரோவில் ஸ்லோவேனியாவோடு கூடுதல் நேரத்தில் பெனால்டியைத் தவறவிட்டு மைதானத்திலேயே அழுத அதே ரொனால்டோ, ஷூட் அவுட்டில் முதல் ஆளாக வந்து அடித்தார். பிறகு போர்ச்சுகல் கோலி தியோகோ கோஸ்தா எதிரணியின் மூன்றையும் தடுத்தார். லுசைலில் எம்பாப்பேயும் மெஸ்ஸியும் அவரவர் அணிக்கு முதலில். கண்டிப்பாக வந்து சேரும் உதைகள் முதல் மூன்றுதான். நல்ல ஆட்களை அங்கே வைக்க வேண்டும்.

முதலில் அடிப்பவருக்கு டாஸ் தரும் சாதகம் பற்றியும் கேட்பார்கள். முதலில் அடிக்கும் அணி சுமார் 60 சதவீதம் ஜெயிக்கிறது என்று 2010இல் ஒரு ஆய்வு வந்தது. அதை நம்பி 2017இல் டென்னிஸ் டை பிரேக் மாதிரி வரிசையை மாற்றி மாற்றி அடிக்க வைத்துப் பார்த்தார்கள். பின்னால் இன்னும் பெரிய தரவுகளோடு வந்த ஆய்வுகளில் அந்தச் சாதகம் அவ்வளவாகத் தெரியவில்லை. பார்ப்பவர்களுக்கும் குழப்பம். 2018இல் கைவிட்டார்கள். போனது நல்லதுதான்.

சரி, நியாயம். "நன்றாக ஆடிய அணி" என்று சொல்கிறோமே, அது யார்? 2018இல் ரஷ்யாவிடமும் 2022இல் மொராக்கோவிடமும் தோற்ற இரண்டு ஆட்டங்களிலும் ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் செய்தது. மொராக்கோ ஆட்டத்தில் கோலுக்கு நேராகப் போன ஷாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பந்தை வைத்திருந்தார்கள், கோல் அடிக்கவில்லை. 120 நிமிடம் கொடுத்த பிறகும் ஒரு கோல் கூடுதலாக அடிக்க முடியாதவர்கள் அநியாயம் என்று சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மறுபக்கம், 1990 அர்ஜென்டினா மொத்தத் தொடரிலும் 5 கோல் மட்டும் அடித்து, யூகோஸ்லாவியாவையும் இத்தாலியையும் ஷூட் அவுட்டில் தாண்டி இறுதிவரை போனது. பார்த்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். கோய்கோசியா என்ற கோலி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே வயிறு எரிகிற ஆட்டம் ஒன்று உண்டு. 2010 உலகக் கோப்பை காலிறுதி, ஜோகன்னஸ்பர்க், கானாவும் உருகுவேயும். 1-1, கூடுதல் நேரமும் தீரப் போகிறது. கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தைக் கோட்டில் நின்று கையால் தட்டினார் சுவாரெஸ். சிவப்பு அட்டை, பெனால்டி. ஜியான் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. அடித்திருந்தால் அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு கானா. கொஞ்ச நேரத்தில் ஷூட் அவுட், முதல் உதைக்கு அதே ஜியான் வந்து அடித்தார், என்ன நெஞ்சழுத்தம்! ஆனாலும் உருகுவே 4-2. அப்ரேயு பனேன்கா போட்டு முடித்தார். அந்த அநியாயம் பந்தைக் கையால் தொடுவது பற்றிய விதியில் இருக்கிறது. கோலுக்குள் போகிற பந்தைத் தடுத்தால் கோலாகவே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அங்கே விவாதிக்க வேண்டியது. ஷூட் அவுட்டைத் திட்டிப் பயனில்லை.

மாற்று வழிகளையும் பார்த்தாகிவிட்டது. கூடுதல் நேரத்தில் முதல் கோலோடு ஆட்டம் முடியும் என்ற கோல்டன் கோல் விதி இருந்தது. 1996 யூரோ இறுதியை ஜெர்மனியின் பியர்ஹாஃப், 2000 இறுதியை பிரான்சின் த்ரெசெகே அப்படித்தான் முடித்தார்கள். துணிந்து ஆடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு தவறு செய்தால் ஊருக்குப் போக வேண்டும் என்ற பயத்தில் பல அணிகள் இன்னும் பதுங்கின. 2004 யூரோவில் சில்வர் கோல் என்று ஒன்று வந்தது, கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிவில் யார் முன்னிலையோ அவர்களுக்கு வெற்றி. செக் குடியரசை கிரீஸ் அப்படி வென்றது. அந்தத் தொடரோடு இரண்டும் போய்விட்டன. மறு ஆட்டம் வைக்க இப்போதைய அட்டவணையில் இடமே இல்லை, நான்கு நாளுக்கு ஒரு ஆட்டம் ஆடுகிறவர்களை இன்னொரு 90 நிமிடம் ஓட வைத்தால் அடுத்த சுற்றில் நடக்கத்தான் முடியும்.

என்னைக் கேட்டால் வெட்ட வேண்டியது கூடுதல் நேரத்தைத்தான். கோபா அமெரிக்காவில் சமீபத்திய தொடர்களில் இறுதியாட்டம் தவிர மற்ற நாக் அவுட்களில் 90 நிமிடம் முடிந்ததும் நேராக ஷூட் அவுட். வெயிலில் தசைப்பிடிப்போடு நொண்டிக்கொண்டு ஆடும் அந்த 30 நிமிடத்தில் பெரும்பாலும் இரண்டு அணியும் ஷூட் அவுட்டுக்குத்தான் காத்திருக்கின்றன. லுசைல் மாதிரி ஒரு கூடுதல் நேரம் கிடைக்காமல் போகுமே என்று நீங்கள் சொன்னால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே அந்த 30 நிமிடத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று என்று இரண்டு கோல் விழுந்தன.